இரண்டு கிலோவுக்குக் கீழே

ஜனவரி 9

இன்றும் குழாய் பொம்மையின் வளைவைத் தாண்டியது. விட்ட ஒவ்வொரு முறையும்.

நாங்கள் பொம்மை என்று சொல்வது ஒரு சிலிக்கான் மாதிரி. பிறந்த குழந்தையின் கழுத்திலிருந்து இதயம்வரை உள்ள ரத்தக்குழாய்கள், உள்ளங்கை அளவில். அதில் ஒரு சிறு கிளை, முறுக்கிக்கொண்டு நுரையீரலுக்குப் போகிறது. கருவில் இருக்கும்வரை எல்லோருக்கும் இந்தக் கிளை உண்டு. பிறந்த சில நாட்களில் தானாக மூடிக்கொள்ளும். சில குழந்தைகளுக்கு நுரையீரலுக்கு ரத்தம் போக வேறு வழியே இருக்காது. அவர்களுக்கு இது மூடினால் அவ்வளவுதான்.

மூடாமல் வைக்க மார்பைப் பிளக்கலாம். அல்லது கழுத்தில் ஓர் ஊசித்துளை போட்டு, மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே அனுப்பி, ஸ்டென்ட் என்கிற கம்பிவலைச் சுருளை அங்கே விரித்துவிட்டு வரலாம். பெரியவர்களுக்கான குழாய்கள் கடையில் கிடைக்கின்றன. இரண்டு கிலோவுக்குக் கீழே இருக்கும் குழந்தைக்கு அவை கடப்பாரை. ஆய்வகத்தில் ஃபயாஸும் நானும் செய்வது இவர்களுக்கு.

மாலை டாக்டர் தெய்வானை போன் செய்தார். குழந்தைகள் இதயப் பிரிவு அவருடையது. எங்கள் குழாயை ஒருநாள் கையில் பிடிக்கப்போகிறவர்.

"ஏம்மா இசக்கி, மூணு வருஷமா குழாய் செய்யறே. ஒருநாள் வார்டுக்கு வந்து யாருக்குச் செய்யறேன்னு பாரேன்."

சனிக்கிழமை வருவதாகச் சொன்னேன்.

ஜனவரி 11

சனி. துணி துவைக்க வேண்டியிருந்தது. போர்வை, தலையணை உறை, திரைச்சீலை. போக முடியவில்லை.

பிப்ரவரி 6

குழாய் செய்யும்போது அம்மா கூப்பிட்டாள். எடுத்திருக்கக் கூடாது.

ஒரே குழாய்க்குள் மூன்று வகைப் பிளாஸ்டிக். பிடிக்கும் பக்கம் விறைப்பு, நடுவில் மிதம், முனை நூடுல்ஸ் மாதிரி. மூன்று துண்டுகளையும் ஒரு கம்பியில் கோத்து, மேலே சுருங்கும் உறையை மாட்டி, சூடான காற்று ஊதும் கருவிக்கு அடியில் நகர்த்திக்கொண்டே போக வேண்டும். உருகி ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடம் கோடு போட்டதுபோல் தெளிவாகத் தெரிந்தால் நல்ல வேலை. கலங்கினால் கழிவு. எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

ஸ்பீக்கரில் அம்மா.

"என்னட்டி செய்யுத?"

"வேலை பாக்கேன்ம்மா."

"சுரண்டை மாப்பிள்ளை வீட்டுல கேக்காவ, பொண்ணு மெட்ராசுல என்ன வேலை பாக்குன்னு. நான் என்னன்னு சொல்லட்டும்?"

"குழாய் செய்யுதேன்னு சொல்லு."

"குழாயா? இதுக்கா இத்தன வருசம் படிச்ச?"

"சின்னக் குழாய்ம்மா."

"பெருசா இருந்தாலாவது வெளிய சொல்லிக்கிடலாம்."

பேசி முடித்தபோது குழாய் கெட்டுப்போயிருந்தது. கோடு எங்கே என்றே தெரியவில்லை. பால் கலந்த டீ மாதிரி ஒன்றுக்குள் ஒன்று. லேசாக நெளிவு வேறு. கழிவுப் பெட்டியில் போட்டேன்.

மாப்பிள்ளைக்கு உரக்கடை.

பிப்ரவரி 22

டாக்டர் மறுபடி வார்டுக்குக் கூப்பிட்டார். முடி வெட்டிக்கொள்ளப் போனேன். கூட்டம். சாயங்காலம் ஆகிவிட்டது.

மார்ச் 31

ரம்ஜான். ஃபயாஸ் வாணியம்பாடி போயிருக்கிறான். ஆய்வகத்தில் நான் மட்டும். பொம்மையைத் தயார்செய்வது எப்போதும் அவன் வேலை. இன்று நான்.

சிலிக்கான் இயல்பிலேயே பிசுபிசுக்கும். நிஜ ரத்தக்குழாய் அப்படி இல்லை. அதனால் தண்ணீரில் கொஞ்சம் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் கலப்பது வழக்கம். எல்லா ஆய்வகத்திலும் செய்வதுதான். சோப்புப் புட்டி காலியாக இருந்தது. சோம்பலில் வெறும் தண்ணீரோடு குழாயை விட்டேன்.

வளைவில் நின்றது. தள்ளினேன். நடுவில் மடிந்தது.

எரிச்சலோடு கீழே இறங்கி, முக்குக் கடையில் பத்து ரூபாய்ப் பாக்கெட் வாங்கி வந்து ஊற்றினேன். வழுக்கிக்கொண்டு போனது. பெருமையாக எழுதிவைக்கப் பேனாவை எடுத்தேன்.

எழுதவில்லை.

குழந்தைக்குள் யார் சோப்பு ஊற்றுவார்கள்?

ஏப்ரல் 2

ஃபயாஸ் தூக்குச்சட்டியில் ஷீர் குருமாவோடு, அதாவது பெருநாள் சேமியாப் பாயசத்தோடு, வந்தான்.

"சோப்பு எவ்வளவு ஊத்துவ?" என்று கேட்டேன்.

"கொஞ்சம்."

"கொஞ்சம்னா?"

"வழுக்கற வரைக்கும்."

சொல்லிவிட்டு அவனே நிறுத்தினான். என்னைப் பார்த்தான்.

"எனக்கு முன்னாடி இருந்தவன் ஒரு சொட்டுன்னுதான் சொல்லிக் குடுத்தான்" என்றான்.

"சொட்டு எப்ப பீய்ச்சலாச்சு?"

"சொட்டு பத்தாதப்ப."

எட்டு மாத அளவுகள். அத்தனையும் நுரை. அடுத்த மாதம் கால்நடைக் கல்லூரியில் பன்றிக்குட்டியில் சோதனை. தேதி வாங்கியாயிற்று.

"டாக்டர்கிட்ட யார் சொல்றது?" என்றான்.

"நான்."

"அப்ப நான் குருமா சாப்பிடறேன்."

சொன்னேன். போனில் டாக்டர், "பிள்ளைக்குள்ள போய்த் தெரியாம சோப்புக்குள்ளயே தெரிஞ்சுதே. தேதியைத் தள்ளிப் போடு. வேலையைப் பாரு" என்றார். வைப்பதற்கு முன்னால், "முடி நல்லா வெட்டியிருக்காங்களா?" என்று கேட்டார்.

ஏப்ரல் 6

ஞாயிறு. வேளச்சேரியில் ஆட்டுக்கறிக் கடை. நல்ல கூட்டம். ஃபயாஸ் முன்னால் போனான்.

"பாய், இதயம் வேணும். அதுலேருந்து கிளம்புமே பெரிய குழாய், அதோட சேத்து முழுசா. கிழியக் கூடாது."

"என்ன வைக்கப்போறீங்க? சூப்பா?"

"சமையலுக்கு இல்ல பாய். படிப்புக்கு."

"படிப்புக்கா? அப்ப மூளை எடுத்துக்கங்க."

வரிசையே சிரித்தது. கொடுத்துவிட்டுக் கடைக்காரர் என்னிடம், "இதுல மசாலா ஏறாதும்மா, முன்னாடியே சொல்லிட்டேன்" என்றார்.

ஆய்வகத்தில் அதன் ஒரு கிளையை, பொம்மையில் இருப்பதுபோலவே முறுக்கி அட்டையில் தைத்தோம். உடம்புச் சூட்டில் உப்புத் தண்ணீர் ஓடவிட்டோம். சோப்பு இல்லை. தசை தன்னாலேயே வழுக்கியது. ஆனால் பொம்மை அளவுக்கு இல்லை. வளைவில் குழாயைக் கொஞ்சம் தள்ள வேண்டியிருந்தது. தள்ளினால் மடிந்தது.

எல்லாம் ஒரே இடத்தில்தான் மடிகின்றன. விறைப்பும் மிதமும் ஒட்டும் கோட்டில். நாங்கள் பெருமைப்பட்ட அந்தத் தெளிவான கோட்டில். சோப்பு இருந்தவரை தள்ள வேண்டிய தேவையே வரவில்லை. அதனால் கோட்டின் யோக்கியதை தெரியவில்லை.

ஏப்ரல் 12

மடிகிறது.

ஏப்ரல் 15

ஒட்டும் சூட்டை மாற்றினோம். மடிகிறது. அறை முழுக்கக் கறிக்கடை வாசம். பக்கத்து ஆய்வகத்துப் பெண் ஊதுபத்தி கொண்டுவந்து கொடுத்தாள்.

ஏப்ரல் 19

நல்ல குழாய்கள் தீர்ந்துவிட்டன. புதியவை செய்யப் பிளாஸ்டிக் வர இன்னும் ஒரு வாரம். ஃபயாஸ் கழிவுப் பெட்டியை மேசையில் கவிழ்த்தான்.

"சும்மாதானே இருக்கோம். இதையெல்லாம் விட்டுப் பாப்போம்."

விட்டோம். மடிந்தது, மடிந்தது, ஒன்று உடைந்தது.

அடுத்தது வளைவுக்குள் சாய்ந்தது. மெதுவாக, தெருமுனை திரும்புகிற பஸ் மாதிரி, முன்னால் முனை, பின்னால் உடம்பு. தாண்டி அந்தப் பக்கம் வந்து நின்றது.

வெளியே எடுத்தான். மறுபடி விட்டான். போனது.

"இது யார் செஞ்சது?" என்றான். "இவ்வளவு அசிங்கமா?"

கோடு இல்லை. பால் கலந்த டீ. லேசான நெளிவு. பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"நான்தான். எங்கம்மா மாப்பிள்ளை பாக்கும்போது."

நல்லதை வைத்துக்கொண்டு கெட்டதை எறிந்துகொண்டிருந்திருக்கிறோம். இல்லை. எது நல்லது என்பதைத் தலைகீழாகக் கற்றிருக்கிறோம். விறைப்பு ஓரிடத்தில் முடிந்து மென்மை ஓரிடத்தில் தொடங்கினால், அந்த இடம்தான் முறியும். எங்கே முடிந்தது, எங்கே தொடங்கியது என்று சொல்லவே முடியாதபடி இருக்க வேண்டும்.

மே 3

வராமல் தொலைக்கிறது. கலங்கலாகச் செய்ய வேண்டும் என்று தெரிந்துகொண்டே செய்தால் கை கவனமாகிவிடுகிறது. ஒன்று, கோடு விழுகிறது. அல்லது கருகுகிறது. காற்றுக்கு அடியில் எவ்வளவு வேகத்தில் நகர்த்தினேன், எங்கே தயங்கினேன், எதுவும் நினைவில் இல்லை. நான்தான் பேசிக்கொண்டிருந்தேனே.

மே 4

"அம்மா, அந்த உரக்கடை மாப்பிள்ளை என்ன ஆனாரு?"

மடை திறந்தது. மாப்பிள்ளைக்கு இரண்டு தங்கை. ஒருத்தி ஆலங்குளத்தில் டீச்சர். மாமியாருக்குச் சர்க்கரை, ஆனாலும் நல்ல குணம். "உனக்கு இப்பமாவது புத்தி வந்துச்சே, குலசாமிக்குப் பொங்கல் வைக்கணும்." நான் "ம்" கொட்டினேன். கை தன்போக்கில் நகர்ந்தது. ஃபயாஸ் மேலே கேமராவைப் பிடித்துக்கொண்டு, சிரிப்பை அடக்க முடியாமல் தோளால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தான்.

கலங்கல் வந்தது.

வீடியோவில் பார்த்தோம். அம்மா கேள்வி கேட்கும்போதெல்லாம் கை நிற்கிறது. நான் பதில் சொல்லும்போது நகர்கிறது. நின்ற நேரத்தில் உருகியது ஒன்றுக்குள் ஒன்று இறங்குகிறது. அந்தத் தயக்கங்களை அளந்து, கைக்குப் பதிலாகக் குழாயை நகர்த்த ஒரு மோட்டாரைப் பொருத்தி, அதற்குச் சொல்லிக்கொடுத்தோம்.

ஃபயாஸ் அந்த அமைப்புக்குப் பெயர் வைத்திருக்கிறான். மாமியார்.

ஜூன் 8

பக்ரீத் மறுநாள். ஃபயாஸ் வீட்டிலிருந்து கறி வந்தது. என்னால் தட்டில் ரத்தக்குழாயைத் தேடாமல் சாப்பிட முடியவில்லை. ஒன்றும் கிடைக்கவில்லை, நல்ல கறி. மாமியார் செய்த குழாய் ஒன்றுகூட மடியவில்லை, இது மூன்றாவது வாரம்.

அம்மாவிடம் உரக்கடை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நாலு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் கடையநல்லூரில் ஒரு வக்கீல்.

ஜூலை 17

பன்றிக்குட்டி. பெண். முதல் முயற்சியிலேயே குழாய் வளைவைத் தாண்டியது. டாக்டர் கையுறையோடு குழாயைத் தூக்கிப் பார்த்து, "கையில இருக்கறதே தெரியலையேம்மா" என்றார்.

குட்டி எழுந்ததும் முதல் வேலையாக வாளியைக் கவிழ்த்தது.

செப்டம்பர் 23

மருத்துவமனையின் நெறிமுறைக் குழு. எட்டு பேர். முதல் குழந்தைக்கு அனுமதி கொடுப்பதா வேண்டாமா.

அளவுகள், வரைபடம், பன்றியின் ஸ்கேன். சோப்பைப் பற்றியும் சொன்னேன். குறித்துக்கொண்டார்கள். கடைசியில், ஓரத்தில் அதுவரை பேசாமல் இருந்த ஒரு வழக்கறிஞர் அம்மா கேட்டார்.

"நீங்க அந்த வார்டுல எவ்வளவு நேரம் இருந்திருக்கீங்க?"

துணி. முடி. ஆகஸ்டில் கேஸ் சிலிண்டர் வரும் என்று வீட்டில் இருந்தேன்.

"போனதில்லை" என்றேன்.

"ஏன்?"

டாக்டர் தெய்வானை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அனுமதி கொடுத்தார்கள். ஒரு நிபந்தனை. முதல் சிகிச்சையின்போது குழாய் செய்தவர் உடன் இருக்க வேண்டும். அதற்கு முன்பு குடும்பத்தோடு அவரே பேச வேண்டும்.

வெளியே ஃபயாஸ் டீ வாங்கிக் கொடுத்தான். "நீ துணி துவைக்கற நாளெல்லாம் எனக்குத் தெரியும்" என்றான். "டாக்டர் கூப்பிடற நாள்தான்."

செப்டம்பர் 24

போனேன்.

அந்தக் குழந்தைகளுக்கு நகம் இருக்கிறது. ரத்தக்குழாயின் விட்டம் மில்லிமீட்டரில் புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம்வரை தெரியும் எனக்கு. நகம் இருப்பது தெரியாது. நீல நகம்.

கழிப்பறையில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு திரும்பிப் போய், மற்ற கட்டில்களையும் பார்த்தேன்.

அக்டோபர் 30

மழை. தினமும் போகிறேன். போகிற வழிதான்.

(போகிற வழி இல்லை.)

நவம்பர் 18

போளூரிலிருந்து ஒரு பெண் குழந்தை. ஒரு கிலோ எழுநூறு கிராம். நுரையீரலுக்கு அந்தக் கிளை மட்டும்தான் வழி. அதைத் திறந்து வைக்கும் மருந்தை ஏற்றினால் மூச்சு நின்று நின்று வருகிறது. குறைத்தால் கிளை மூடப் பார்க்கிறது. மார்பைத் திறக்க இந்த எடை தாங்காது என்று அறுவை சிகிச்சைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள்.

அம்மாவின் பெயர் மலர்க்கொடி. என் வயதுதான் இருக்கும். அப்பா லாரியோடு நாக்பூரில், திரும்பி வந்துகொண்டிருக்கிறார். டாக்டர் எல்லாவற்றையும் விளக்கினார். பிறகு என்னைப் பார்த்தார்.

மலர்க்கொடி என்னிடம் கேட்டார். "இது புதுசாக்கா?"

"புதுசுதான்."

"இதுக்கு முன்னாடி யாருக்காவது போட்டிருக்காங்களா?"

தயாரித்துவைத்த பதில் ஒன்று இருந்தது. நல்ல பதில், அச்சடித்த பதில். வாயில் வந்தது வேறு.

"பன்னிக்குப் போட்டிருக்கோம்."

டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

மலர்க்கொடி என்னையே பார்த்தார். "பொழச்சுதா?"

"பொழச்சுச்சு. நாலு மாசமாச்சு. நல்லா சாப்பிடுது. எங்களப் பாத்தா துரத்துது."

"மனுசப் புள்ளைக்கு?"

"உங்க பொண்ணுதான் முதல்ல. சரியா வராமலும் போகலாம். உள்ள கிழிஞ்சா உயிருக்கே ஆபத்து. வளைவு வரைக்கும் போய்ப் போகலைன்னா, தள்ள மாட்டோம். எடுத்துடுவோம்."

"நீங்க செஞ்சதா?"

"நானும் இன்னொருத்தரும்."

"நீங்க உள்ள இருப்பீங்களா?"

"இருப்பேன்."

லாரியிலிருந்த கணவரிடம் போனில் பேசினார். வெகுநேரம். அவர் அழுவது வெளியே கேட்டது. பிறகு மலர்க்கொடி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "எங்க கையெழுத்து போடணும்?"

நவம்பர் 19

எழுதிவிட வேண்டும்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான், மைக், எக்ஸ்ரே திரை. அந்தப் பக்கம் டாக்டர் தெய்வானை, ஈயக் கவச உடையில். மேசைமேல் அவள். துணிகளுக்கு நடுவே ஓர் உள்ளங்கை அளவு மட்டும் தெரிந்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் அறுபத்திரண்டு சதவீதம்.

கழுத்தில் துளை. குழாய் உள்ளே போனது. திரையில் ஒரு சாம்பல் கோடு, இறங்கி, கிளையின் வாயில் நுழைந்து, வளைவுக்கு வந்தது.

நின்றது.

ஆக்சிஜன் ஐம்பத்தெட்டு. குழாய் நிற்பதே கிளையை அடைத்துக்கொண்டுதான்.

"இசக்கி. உன் குழாய் முறைக்குது."

"தள்ளாதீங்க மேடம்."

"தள்ளலை. என்ன செய்யட்டும்?"

திரையைப் பார்த்தேன். மடிப்பு இல்லை. முனை வளைவின் சுவரில் சாய்ந்திருந்தது, அவ்வளவுதான். அறையில் ஏசி உறைய வைத்தது. குழாய் அந்தக் குளிரிலிருந்து இப்போதுதான் உள்ளே போயிருக்கிறது. ஆட்டுக் குழாயில் எத்தனையோ முறை பார்த்தது ஞாபகம் வந்தது. உடம்புச் சூடு ஏற ஏற அது இன்னும் இளகும்.

"பிடிச்சுக்கிட்டு அப்படியே நில்லுங்க. சூடேறட்டும்."

"எவ்வளவு நேரம்?"

"நான் சொல்ற வரைக்கும்."

என் குரல்தானா அது. உள்ளே யாரோ எண்ணைப் படித்தார்கள். ஐம்பத்தேழு. ஐம்பத்தைந்து. டாக்டர் கை அசையவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. சாம்பல் கோடு ஒரு முடியளவு தொய்ந்தது. நான் பார்த்தேன். நிச்சயமாகப் பார்த்தேன்.

"இப்ப விடுங்க. தள்ள வேணாம். விட்டா போதும்."

சாய்ந்தது. முனை திரும்பியது. உடம்பு பின்னாலேயே திரும்பியது. தாண்டிவிட்டது.

ஸ்டென்ட் விரிந்தது, திரையில் சின்ன நெற்கதிர்போல். குழாய் வெளியே வந்தது. சாயம் கலந்த ரத்தம் கரும்புகையாக நுரையீரலுக்குள், இரண்டு பக்கமும், கடைசிக் கிளைவரை பரவியது. அறுபத்தாறு. எழுபத்து மூன்று. எண்பது. எண்பத்தாறு.

"அடியே இசக்கி!" என்றார் டாக்டர், முகக்கவசத்துக்குள்ளிருந்து. இதுவரை என்னை அடி போட்டுக் கூப்பிட்டதில்லை. "பாத்தியாடி! பாத்தியா!"

பார்த்தேன். ஃபயாஸுக்குப் போன் செய்தேன். அவனே, "போயிடுச்சா? போயிடுச்சு. சொல்லாத, தெரியுது" என்று சொல்லிவிட்டு, ஆய்வகத்தில் யாரிடமோ கத்தினான். அங்கிருந்து விசில் சத்தம்.

நவம்பர் 21

காலை செயற்கை மூச்சை எடுத்தார்கள். நான் கட்டில் பக்கத்திலேயே இருந்தேன். அப்பா வந்து சேர்ந்துவிட்டார், அழுக்கு லுங்கியோடு, மூன்று நாள் தாடியோடு. கதவருகே நின்று உள்ளே வரப் பயந்தார்.

குழந்தை கண்ணைச் சுருக்கியது. உதடு பிதுங்கியது. முதலில் ஒரு கரகரப்பு. பிறகு அழ ஆரம்பித்தது.

மலர்க்கொடி பதறி, அதன் வாயருகே விரலைக் கொண்டுபோனார். "அழவிடக் கூடாதுன்னாங்களே. அழுதா நீலமாயிடும்னாங்களே." பிறந்ததிலிருந்து ஒருமுறைகூட முழுதாக அழவிடாமல், தட்டித் தட்டி, ஆட்டி ஆட்டி வைத்திருந்திருக்கிறார்.

டாக்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "இனிமே அழலாம். விடு. அவ பாட்டுக்கு அழட்டும்."

அழுதாள். முகம் நிறம் மாறியது. எல்லோரும் குனிந்து பார்த்தோம். சிவப்பு. நெற்றி, காது, மூடிய கையின் நகம்வரை. கரகரப்பு விட்டு, குரல் ஏறியது. கதவருகே நின்ற அப்பா சிரித்தார். "எங்கம்மா குரல்" என்றார். "ஊருக்கே கேக்கும்."

கேட்கிறதா என்று பார்க்க வெளியே வந்தேன். தாழ்வாரத்தின் மறுமுனைவரை நடந்தேன். கேட்டது. மாடிப்படி இறங்கினேன். கேட்டது. கீழே மருந்துக்கடை வரிசையில் நின்ற ஒரு பெரியவர், சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்.

"யார் வீட்டுப் புள்ள அது? இந்தக் கத்து கத்துது?"

"எங்க பிள்ளதான்" என்றேன்.